இரண்டாம் இலக்கத் தாய்மார்

அன்னபாக்கியத்தின் கணவர் காலமானதற்கு அரசாங்கம் அனுதாபம் தெரிவித்தபோது அவளுக்குக் கணவரே கிடையாது.

அது எண்பத்தாறாம் ஆண்டு. வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்து, சேவைப் பதிவேட்டைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'கணவர்' என்று கேட்டிருந்த இடத்தில் அவள் 'இல்லை' என்று எழுதினாள். முப்பத்திரண்டு வயதாகியும் ஒரு சம்பந்தமும் பொருந்தி வராத ஒருத்தி அந்த இடத்தில் வேறென்னத்தை எழுதுவது. அந்தப் படிவம் கொழும்பில் மூன்று கந்தோர்களின் படி ஏறி இறங்கி, தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கும் போய், ஆறு மாதத்தில் நீல உறைக்குள் ஒரு கடிதமாகத் திரும்பி வந்தது. தங்கள் அன்புக் கணவரின் மறைவையிட்டு ஆழ்ந்த அனுதாபங்கள். அன்னாரின் மரண அத்தாட்சிப் பத்திரத்தைப் பதினான்கு நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும்.

அவள் அதைக் கிழித்துப் போடவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்து மேசை ஜவாஹிறா மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து வருபவள். செத்தவர்களுக்காக ஓதிச் சாப்பாடு கொடுக்கிற கத்தம் அவர்கள் வீட்டு வழக்கம். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கடிதத்தின் திகதியன்று அவள் ஒரு டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்து வைப்பாள்.

"தின்னுங்க அக்கா. மச்சான்ட கத்தம்."

"அவர் உயிரோடை இருக்கேக்கை ஒரு நாளும் நீர் இப்பிடி ஒண்டும் தரேல்லையே."

"அவர் எங்க உயிரோட இருந்த? வரக்குள்ளயே மவுத்தாத்தானே வந்த."

கந்தோரில் புதிதாகச் சேருகிற எவருக்கும் இந்தக் கதை முதல் வாரத்திலேயே சொல்லப்பட்டுவிடும். அன்னபாக்கியமே சொல்லுவாள், நடித்தும் காட்டுவாள். பதினொரு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தவள்தான், பிறகு அதே மூன்றெழுத்தைக் கையில் எடுத்து ஒருத்தியைக் கொன்றாள்.

அந்தத் திணைக்களத்தின் பெயர் வேண்டாம். பொரளைப் பக்கம், மழைக்கு ஒழுகுகிற ஒரு பழைய கட்டடம். பெற்றோரிடம் இல்லாத பிள்ளைகள் நாட்டில் எத்தனை பேர், அவர்கள் சிறுவர் இல்லத்தில் இருக்கிறார்களா, யாராவது வீட்டில் வளர்கிறார்களா, தத்துக் கொடுத்தாயிற்றா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி மேலே அனுப்புவது அதன் வேலை. வெளிக்கள உத்தியோகத்தர்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொண்டுவருவார்கள். தமிழ்ப் படிவங்கள் அன்னபாக்கியத்தின் மேசைக்கு வரும். அவள் சிவப்புப் பேனையால் சொற்களை இலக்கமாக மாற்றுவாள். ஜவாஹிறா அந்த இலக்கங்களைக் கம்பியூட்டரில் அடிப்பாள். பிள்ளை உள்ளே போகும், எண் வெளியே வரும்.

கம்பியூட்டரைக் கொடுத்தது ஒரு வெளிநாட்டு நிறுவனம். கொடுத்தவர்கள் இலக்கங்களையும் தாங்களே கொடுத்தார்கள். தாய் உயிருடன் இருந்தால் 1. இறந்திருந்தால் 2. தெரியாவிட்டால் 9. நடுவில் மூன்று முதல் எட்டு வரை ஆறு இலக்கம் சும்மா கிடந்தன. மறியலில் அடைபட்டிருக்கிற தாய், வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன தாய், வவுனியாவுக்கு அங்கால் சண்டைக்குள் அகப்பட்டுப் போன தாய், சோதனைக்கென்று பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டுத் திரும்ப ஏறாத தாய் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மிச்சம் வந்திருக்கும். ஒருவரும் கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு, 9 என்பது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வந்தால் அறிக்கை திருப்பி அனுப்பப்படும் என்றும் எழுதியிருந்தார்கள்.

பிரதம லிகிதர் கிளெமென்ற் ஒரு தாளில் தட்டச்சு அடித்து அவளிடம் கொடுத்தார். 'காலமானார்', 'மோசம் போய்விட்டார்', 'இல்லை' – இவை யாவும் 2.

"சேர், இல்லை எண்டால் இங்கை இல்லை எண்டும் வருமெல்லோ" என்றாள் அன்னபாக்கியம்.

"அப்ப ஒன்பது போடப் போறீரோ? தெரியாது எண்டு சொல்லுறதுக்கு ஒரு கந்தோர், அதுக்கு ஒரு கம்பியூட்டர், அதுக்கு நானும் நீரும். வெள்ளைக்காரன் கேட்டா நீர் போய் விளங்கப்படுத்தும்."

அவள் போய் விளங்கப்படுத்தவில்லை. மேசைக்குத் திரும்பி வந்து சிவப்புப் பேனையை எடுத்தாள். இதை ஒளிக்க வேண்டியதில்லை. நல்லவளாக இருப்பதற்கு ஒரு சந்தர்ப்பம் வந்தது, பத்தரை மணித் தேத்தண்ணியும் வந்தது. அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்பக்கத்து அனெக்ஸில் அவள் குடியிருந்தாள். ஒரு அறை, ஒரு குசினி, றெயில் போகும்போது ஆடுகிற ஒரு யன்னல். அந்த ஒழுங்கையில் தமிழர் எல்லாரும் பொலிசில் பதிய வேண்டும். கொழும்புக்கு வந்த காரணம் என்ன, எப்போது திரும்பிப் போவீர் என்று படிவம் கேட்டது. காரணம்: அரசாங்க உத்தியோகம். திரும்பிப் போவது: பென்சன் எடுத்தபின். பொலிஸ்காரன் அதைப் பகிடியாக எடுக்கவில்லை, கவனமாகக் குறித்துக்கொண்டான். படிவம் நிரப்புகிறவர்களின் நாட்டில் அவளும் ஒரு படிவந்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்தும் அவளுடைய கை 2 போட்டது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. கொட்டாஞ்சேனையிலிருந்து ஐறீன் என்ற பெண் கையில் ஒரு கடிதத்தோடும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்பிள்ளையோடும் கவுண்டருக்கு வந்தாள். கடிதம் சிங்களத்தில் இருந்தது.

"மிஸ், இத யாரும் சரியா வாசிச்சு சொல்ல மாட்டேங்கிறாங்க. கடைக்காரர் வாசிச்சிட்டு முகத்தத் திருப்பிக்கிட்டாரு."

அன்னபாக்கியம் வாசித்தாள். மேற்படி சிந்துஜா என்னும் பிள்ளையின் தாயும் தந்தையும் இறந்துவிட்டபடியால், பிள்ளையை ஒரு தம்பதியருக்குத் தத்துக் கொடுப்பது பற்றிய விசாரணை எதிர்வரும் திங்கட்கிழமை காலை. வளர்ப்பவர் பிள்ளையுடன் நீதிமன்றத்துக்கு வரவும்.

"தகப்பன் செத்தது சரி மிஸ். ஷெல் விழுந்து. ஆனா நேசமலர் உயிரோடதானே இருக்கு" என்றாள் ஐறீன்.

நேசமலர் அந்தப் பிள்ளையின் தாய். கிளிநொச்சியிலிருந்து வந்து, ஐறீனின் பக்கத்து வீட்டு லொட்ஜில் பிள்ளையோடு தங்கியிருந்தவள். போன வருஷம் ஆனி மாதப் பொலிஸ் சுற்றிவளைப்பில், கொழும்பில் தங்குவதற்கான பாஸ் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டதென்று அவளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிள்ளை ஐறீனின் குசினியில் பூனைக்கு மீன்முள்ளுப் போட்டுக்கொண்டிருந்தபடியால் ஏற்றப்படவில்லை. பிறகு திணைக்களத்தில் பதிந்து, ஐறீனே வளர்க்கலாம் என்று கடதாசி கொடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சவுந்தரநாயகம் என்ற வெளிக்கள உத்தியோகத்தர் வந்து பார்த்துப் படிவம் நிரப்பிக்கொண்டு போனார்.

"அவர் வந்து தாய் எங்கன்னு கேட்டாரு. பிள்ள பக்கத்துல நிக்கிது. அம்மா ஆஸ்பத்திரில இருக்குன்னு சொல்லித்தான் அதச் சமாளிச்சு வச்சிருக்கேன். அது முன்னால மறியல்னு எப்பிடிச் சொல்றது? அம்மா இல்லீங்கன்னு சொல்லி, கண்ணால காட்டினேன். அவரும் தலையாட்டினாரு. நான் வெளங்கிட்டாருன்னு நெனச்சேன்."

அன்னபாக்கியம் பைலை எடுத்தாள். 'தாய்: இல்லை' என்று சவுந்தரநாயகத்தின் எழுத்து. அதற்குப் பக்கத்தில் சிவப்பில், கழுத்து வளைந்த தாராக்குஞ்சு மாதிரி ஒரு 2. அவள் இரண்டு போட்டால் அப்படித்தான் வளையும். அந்தப் படிவம் அவளுக்குச் சற்றும் நினைவில்லை. அன்றைக்கு நாற்பது படிவம் முடித்திருப்பாள், நாற்பத்தொன்றாவதும் முடிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மேசை லாச்சியில் மாரி பிஸ்கட் பக்கற் ஒன்று கிடந்தது. ஒன்றை எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். சிந்துஜாவுக்கு ஐந்தரை வயது. அதைக் கடிக்கவில்லை. மேல் முன்பல் இரண்டாலும் அணில் மாதிரிச் சுற்றிவரக் கொறித்து, விளிம்பு முழுக்க எடுத்து, நடுவட்டத்தை அன்னபாக்கியத்திடமே திருப்பிக் கொடுத்தது.

"இது உங்களுக்கு" என்றது.

அன்னபாக்கியம் வாங்கிக்கொண்டாள். அந்த எச்சில் பிஸ்கட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு, தாய் உயிரோடு இருப்பதற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று கேட்டாள். ஐறீன் சட்டைக்குள்ளிருந்து மடித்த ஒரு கடிதத்தை எடுத்தாள். மறியற்சாலை முத்திரை குத்தியிருந்தது.

வெள்ளிக்கிழமை சவுந்தரநாயகத்தைப் பிடித்தாள். திருத்தம் வேண்டுமானால் வெளிக்கள உத்தியோகத்தர் பிழையை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் என்ன பிழை விட்டனான்? இல்லை எண்டு சொன்னா, இல்லை எண்டு எழுதினன். செத்ததெண்டு எழுதினனானோ? அந்த ரெண்டைப் போட்டது நீர்."

"அப்பிடித்தான் போடச் சொல்லித் தாள் தந்தவை, அண்ணை."

"அப்ப தாளிட்டைக் கையெழுத்து வாங்கும்."

கிளெமென்ற் அவ்வளவு கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கம்பியூட்டரில் திருத்த வேண்டுமென்றால் தாய் உயிருடன் இருப்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார். அதை மறியற்சாலை நெருங்கிய உறவினருக்குத்தான் கொடுக்கும். நெருங்கிய உறவு இந்தப் பிள்ளை. பிள்ளை சிறுமி, ஆகவே அவளுக்குப் பொறுப்பு இந்தத் திணைக்களம். திணைக்களம் மறியற்சாலைக்கு எழுதினால் மறுமொழி வர மூன்று மாதம்.

"திங்கட்கிழமை விசாரணை, சேர்."

"திங்கட்கிழமை நீர் லீவு. எங்கை போனீர் எண்டு எனக்குத் தெரியாது. அந்தத் தாயின்ரை கடிதத்தைச் சிங்களத்திலை எழுதிக்கொண்டு போய்க் கோட்ஸிலை குடுத்துப் பாரும். நான் ஒண்டும் சொல்லேல்லை."

சனிக்கிழமை பகல் முழுவதும் அனெக்ஸ் யன்னலடியில் இருந்து அவள் மொழிபெயர்த்தாள். அரசகரும மொழிச் சோதனைக்குப் படித்த சிங்களம் அது. விண்ணப்பம் எழுதத்தான் சரியாக வரும். இந்தக் கடிதமோ விண்ணப்பம் மாதிரி இருக்கவில்லை.

'ஐறீன் அக்காவுக்கு, நான் சுகம். அவ கீரை சாப்பிடாட்டி அடிக்க வேண்டாம், சோத்துக்குள்ளை ஒளிச்சுத் தீத்துங்கோ. முடியை ஒட்ட வெட்டிவிடுங்கோ, பேன் பிடிக்கும். அவவுக்குப் பல்லு விழத் தொடங்க முந்தி வந்திடுவன். அப்பிடித் தப்பித்தவறி முதல் பல்லு விழுந்தால் எறியாதேங்கோ, ஒரு கடதாசியிலை சுத்தி வையுங்கோ. நான் வந்துதான் கூரையிலை எறிவிக்க வேணும்.'

விழுந்த பல்லை ஏன் கூரையில் எறிய வேண்டும் என்று நீதவானுக்கு விளங்குமோ என்று யோசித்தாள். அணில் அதை எடுத்துக்கொண்டு புதுப் பல் தரும் என்று அடைப்புக்குறிக்குள் எழுதினாள். கந்தோர் வாழ்க்கையில் அவள் எழுதிய ஒரேயொரு நல்ல அடிக்குறிப்பு அதுதான்.

திங்கட்கிழமை காலை ஏழேமுக்காலுக்குக் காலி வீதியில் பஸ் ஏறினாள். எட்டு மணி தாண்டியதும் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். பெண் பொலிஸ் அவளுடைய கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, குடை, அடையாள அட்டை, மாரி பிஸ்கட் பக்கற். பிறகு கடிதம்.

"மே லியும காகெத?"

இந்தக் கடிதம் யாருடையது என்றால் என்ன சொல்வது. உண்மையைச் சொன்னாள். மறியலில் இருக்கிற ஒருத்தியுடையது. பயங்கரவாதச் சட்டத்தில் உள்ளே இருப்பவள் என்று முத்திரையே சொன்னது. அதை ஒரு தமிழ்ப் பெண் கைப்பையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் பக்கம் போகிறாள். தாய் உயிரோடிருப்பதற்கு ஊரில் இருந்த ஒரேயொரு அத்தாட்சி, அந்த நிமிடமே அன்னபாக்கியத்துக்கு எதிரான அத்தாட்சியாகிவிட்டது.

பொலிஸ் ஸ்டேஷனில் ஒரு மர வாங்கில் இருத்தினார்கள். சுவரில் மணிக்கூடு இருந்தது. எட்டரை, ஒன்பதரை, பத்தே கால். தான் அரசாங்க உத்தியோகத்தர் என்று ஏழு தரம் சொன்னாள். கிளெமென்றுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மிஸ் அன்னபாக்கியம் இன்று லீவு, எங்கே போனாரென்று தெரியாது என்று அவர் சொன்ன சொல் மாறாமல் சொன்னார். பன்னிரண்டு மணிக்கு ஒரு சப் இன்ஸ்பெக்டர் வந்து அவளுடைய மொழிபெயர்ப்பை ஆறுதலாக வாசித்தார். அணில் வந்த இடத்தில் சிரித்தார். எங்கள் ஊரிலும் கூரையில்தான் எறிவது என்றார். பிறகு பேனையை எடுத்து ஒரு சொல்லைத் திருத்தினார். சிங்களத்திலும் அதே ணகர னகரப் பிழை. மற்றும்படி உங்கள் சிங்களம் நன்றாக இருக்கிறது மிஸ், போகலாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேமுக்கால். நீதிமன்றப் படியில் ஐறீன் தனியே இருந்தாள்.

"பதினோரு மணிக்கே முடிஞ்சிட்டு மிஸ். தாய் உயிரோட இருக்குன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டாங்க. மறியல்லன்னேன். பைலப் பாத்திட்டு, திணைக்களம் செத்திட்டான்னு எழுதியிருக்கு, நீங்க பிள்ளைய விட மனசில்லாமப் பொய் சொல்றீங்கன்னாங்க."

"ஆர் கொண்டு போனது?"

"மலைநாட்டுப் பக்கத்து சிங்கள ஆளுங்க. நல்ல மனுசங்க மாதிரித்தான் இருந்தாங்க. பொம்ம எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க. அந்தம்மாவ அம்மான்னு கூப்பிடச் சொன்னாங்க. அவங்க பாசையிலயும் அம்மா அம்மாதானே, மிஸ். அது ஒண்ணும் புதுசாப் படிக்க வேண்டியதில்ல."

யாரையாவது திட்டலாம் என்று அன்னபாக்கியம் சுற்றிவரப் பார்த்தாள். திட்டுவதற்கு வசதியாக ஒரு கெட்டவன்கூட அந்தப் படிகளில் இருக்கவில்லை.

அடுத்த நாள் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து நீலக் கடிதத்தை எடுத்து லாச்சியின் அடியில் போட்டாள். அந்த வருஷம் திகதி வந்தபோது ஜவாஹிறாவும் வட்டிலப்பம் கொண்டுவரவில்லை. காலாண்டு அறிக்கையில் தத்துக் கொடுத்த பிள்ளைகளின் தொகை ஒன்றால் கூடியிருந்தது. அந்தப் பக்கத்தில் கிளெமென்றின் மேலதிகாரி 'நன்று' என்று எழுதி ஒப்பமிட்டிருந்தார்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு சித்திரையில் நேசமலர் வந்தாள். குற்றம் எதுவும் இல்லையென்று விட்டிருந்தார்கள். இருபத்திரண்டு மாதம் வைத்திருந்துவிட்டுச் சொன்ன இல்லை அது. மெலிந்த, உயரமான பெண். கொட்டாஞ்சேனைக்குப் போய், ஐறீனிடம் கேட்டு, நேரே இங்கே வந்திருந்தாள். கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, ஆர் என்னைச் சாகடிச்சது?"

அன்னபாக்கியம் வாயைத் திறந்தாள்.

"கம்பியூட்டர்" என்றாள்.

பிள்ளையைப் பற்றி அறிய விண்ணப்பப் படிவம் இருந்தது. விண்ணப்பிப்பவர் பிள்ளைக்கு என்ன உறவு என்ற இடத்தில் நேசமலர் 'அம்மா' என்று எழுதினாள். ஜவாஹிறா அதை அடித்தாள். கம்பியூட்டர் ஏற்க மறுத்தது. இன்னொரு தரம் அடித்தாள், இன்னொரு தரம் மறுத்தது.

"என்ன சொல்லுது?" என்று அன்னபாக்கியம் கேட்டாள்.

"தாய் ரெண்டாம் நம்பராம். மவுத்தான ஆள் விண்ணப்பம் போட ஏலாதாம், அக்கா."

மத்தியானம் கந்தோர் சாப்பாட்டுக்குக் கலைந்தது. அன்னபாக்கியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் போய்க் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். ஜவாஹிறா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தன் சோற்றுப் பார்சலோடு வாசற்படியில் போய்க் குந்திக்கொண்டாள்.

"கிளெமென்ற் சேர் வந்தா இருமுவன். ஒண்ட மட்டும் மாத்திட்டு எழும்புங்க."

அன்னபாக்கியம் நேசமலரின் 2 ஐ அழித்து 1 போட்டாள். எழும்பவில்லை. தமிழ்ப் படிவக் கட்டுகளை அலுமாரியிலிருந்து இறக்கினாள். 'தாய்: இல்லை' என்று இருந்த ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள். அதற்குள் உண்மையாகவே செத்தவர்களும் இருந்திருப்பார்கள். எது எந்த இல்லை என்று அவளுக்குத் தெரியாது. செத்தவளை உயிரோடு வைத்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, உயிரோடிருக்கிறவளைச் சாகடித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் கவுண்டரில் பார்த்தாளே. பத்து நாள் மத்தியானச் சாப்பாடு அப்படிப் போனது. முந்நூற்றுப் பதினொரு தாய்மார்.

ஈஸ்டர் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. ஒருவர் உயிர்த்தெழுந்ததற்கே கொட்டாஞ்சேனை முழுக்கக் கோயில் மணி அடித்தது. முந்நூற்றுப் பதினொரு பேர் எழுந்து வந்ததை அந்தக் கந்தோரில் ஒரு பியோன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அகப்படுவோம் என்று அவள் காத்திருந்தாள். வேலை போகும், விசாரணை வரும், அப்போது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒரு பேச்சைக்கூடத் தயாரித்து வைத்தாள். அறிக்கை மேலே போனது. ஆடி மாதம் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அநாதைப் பிள்ளைகளின் வீதம் ஒரே காலாண்டில் இவ்வளவு குறைந்தது திணைக்களத்தின் சேவை முன்னேற்றத்துக்குச் சான்று. கிளெமென்ற் அதைச் சட்டம் போட்டு மாட்டினார். பேச்சு வீணாய்ப் போனது.

நேசமலரின் விண்ணப்பம் மட்டும் ஏற்கப்பட்டது. மறுமொழியும் வந்தது. நீதிமன்றக் கட்டளை இறுதியானது. பிள்ளையின் புதுப் பெயரும் முகவரியும் வெளியிடப்படமாட்டா. பிள்ளை நலமாக இருக்கிறதா என்பதை வருஷத்துக்கு ஒருமுறை கேட்டு அறியலாம்.

அதற்குப் பிறகு அன்னபாக்கியத்துக்குக் கந்தோரில் ஒரு பட்டப்பெயர் வந்தது. வெளிக்கள உத்தியோகத்தர் எவர் படிவம் கொண்டுவந்தாலும், 'இல்லை' என்ற சொல்லைச் சிவப்பால் சுற்றி, "எந்த இல்லை?" என்று கேட்பாள். மறுமொழி வராவிட்டால் படிவம் திரும்பிப் போகும். சவுந்தரநாயகம் அவளை 'எந்த இல்லை அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார். மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். தேத்தண்ணி இல்லை என்று பியோன் சொன்னால், எந்த இல்லை என்று கந்தோர் முழுக்கக் கேட்கும். அவள் சிரிப்பாள். பகிடியை ஊருக்குப் பழக்கியவளே அவள்தானே.

கார்த்திகை மாதம், நேசமலர் கேட்டதற்கு, மலைநாட்டிலிருந்து முதலாவது வருடாந்த அறிக்கை வந்தது. நேசமலருக்குச் சொல்லக்கூடியது 'நலம்' என்ற ஒரு சொல். அன்னபாக்கியம் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முழுவதையும் வாசித்தாள். பெயர் இருந்த இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டாள். சட்டத்தின் மேல் அவளுக்கு மிச்சமிருந்த பயம் அவ்வளவுதான்.

"பாடசாலை போறா. இரண்டாம் வகுப்பு. உயரம் நூற்றுப் பதினேழு சென்ரிமீற்றர்."

"அது எவ்வளவு, அக்கா?"

அன்னபாக்கியம் அடிமட்டத்தை எடுத்து, நிலத்திலிருந்து மேசைக்கு மேலாக அலுமாரிக் கதவில் அளந்து, பென்சிலால் ஒரு கோடு கீறினாள். நேசமலர் போய் அந்தக் கோட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள், தலையில் வைக்கிற மாதிரி.

"பத்தொன்பது கிலோ. காது சுகம். கண் சுகம்." அன்னபாக்கியம் நிறுத்தினாள். "பற்கள்: மேல் முன்பற்கள் இரண்டு இல்லை."

நேசமலர் கையை எடுக்கவில்லை.

"விழுந்ததோ அக்கா, ஆராவது அடிச்சு உடைஞ்சதோ?"

அன்னபாக்கியம் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில் றப்பர் முத்திரை மட்டும் இருந்தது.

"அது எழுதேல்லை. இல்லை எண்டுதான் கிடக்கு."

நேசமலர் கோட்டைப் பார்த்தபடியே மறுகையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, திரும்ப விரித்து எண்ணினாள்.

"அவவுக்கு ஏழு முடிஞ்சுது" என்றாள். "விழுற வயசுதான்."